இன்னும் பாக்கி இருக்கு

மேல் தளத்துப் பெண் இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்து அழைப்புமணியை அடித்தாள். ஐ.டி. வேலை பார்க்கிறவள், தனியாக இருக்கிறாள். போன மழையில் கார் நிறுத்துகிற இடத்தில் நனைந்து கிடந்த பூனை ஒன்றை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டவள்.

"ஆன்ட்டி, நாலு குட்டி போட்டிருக்கு. ஒரு மணி நேரமா சும்மா படுத்திருக்கு. முடிஞ்சிடுச்சா, இன்னும் வருமான்னே தெரியல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

முட்டுவலியோடு ஒரு மாடி ஏறினேன். துணி அலமாரியின் அடித்தட்டில், அவளுடைய துப்பட்டாக்களின் மேல் படுத்திருந்தது பூனை. கதவை லேசாகத் திறந்ததும் அந்த வாடை வந்தது. ரத்தமும் ஈரமும் பாலும் கலந்த வெதுவெதுப்பான வாடை. பச்சை உடம்பு வாடை என்பார்கள் எங்கள் ஊரில். அதை மூக்கில் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில், எங்கள் வீட்டு அரங்கில், குலுக்கைக்குப் பின்னால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அந்த வாடை அடிக்கும்.

அரங்கு என்றால் ஜன்னல் இல்லாத உள்ளறை. வெயில் காலத்தில்கூடச் சில்லென்று இருக்கும். நெல் கொட்டி வைக்கிற மண் குலுக்கைகள் இரண்டு, புளிப்பானை, கருப்பட்டிக் கொட்டான், தாத்தாவின் கணக்குப் பெட்டி எல்லாம் அங்கேதான். எலி வரும் என்பதால் பூனை வேண்டும். பூனை இருந்தால் குட்டி வரும். அதை யாரும் பெரிய விஷயமாக நினைத்ததில்லை. பூனைக்குப் பெயர் வைக்கிற வழக்கமும் எங்கள் வீட்டில் கிடையாது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் மூன்று நிறமும் திட்டுத்திட்டாக இருந்த ஒரு பெட்டைதான் என் நினைவில் நிற்கிற பூனை. (மூன்று நிறப் பூனை என்றாலே அநேகமாகப் பெட்டைதான், கடுவன் அபூர்வம் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.) ஆச்சி அதை 'இவ' என்பாள். "இவளுக்குச் சோறு வச்சியாட்டி?" "இவ எங்க போனா?" வீட்டில் அத்தனை பெண்கள் இருந்தும் 'இவ' என்றால் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

ஆச்சியின் கணக்கு, ஓட்டின்மேல் கடுவன்கள் கத்திச் சண்டை போட்ட ராத்திரியிலிருந்து தொடங்கும். "பூனைக்கு ரெண்டு மாசம், ஆட்டுக்கு அஞ்சு மாசம், மாட்டுக்கு ஒம்பது மாசம்" என்பாள். கால்நடை மருத்துவப் புத்தகங்கள் பூனைக்கு 63 முதல் 65 நாள் என்கின்றன. ஆச்சி சொன்ன இரண்டு மாசத்துக்கு மேல் நாலைந்து நாள், அவ்வளவுதான். அந்த நாலைந்து நாளையும் அவள் வேறு விதமாகச் சரிக்கட்டிவிடுவாள். பூனை காலையில் வைத்த சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போகும். தார்சாவுக்கும் புறவாசலுக்குமாக நடக்கும். ஆச்சியின் சேலைத் தலைப்பைத் தொட்டுக்கொண்டே திரியும். மூலைகளில் தரையைப் பிறாண்டும். "இன்னைக்கு ராத்திரி இவளுக்குச் சோலி ஆயிரும்" என்று சொல்லிவிட்டு, பழைய வேட்டியை நாலாக மடித்து ஓர் ஓலைப்பெட்டியில் போட்டு, அடுப்பங்கூடத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். பூனை அதில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி, நேரே குலுக்கைக்குப் பின்னால் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பெட்டி வைக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் அது காலியாகவே கிடந்தது. இருந்தாலும் பெட்டி வைக்காமல் இருந்தால் மரியாதை இல்லை என்று ஆச்சி நினைத்தாள் போலிருக்கிறது.

இப்போதெல்லாம் டாக்டர்கள், பூனையின் உடம்புச் சூட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். 100 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். எங்கள் வீட்டில் தர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதைத் தொடும் உரிமை தாத்தாவுக்கு மட்டும்தான், அதுவும் மனிதக் காய்ச்சலுக்கு.

பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் அரங்கில் இடமில்லை. ஆனால் அரங்குக் கதவில் ஒரு பலகை விரிசல் உண்டு. நானும் சித்தி மகளும் மாற்றி மாற்றி ஒரு கண்ணை அதில் வைத்துப் பார்த்திருக்கிறோம். உள்ளே அரிக்கேன் விளக்கைத் திரி குறைத்து வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிச் சுவரில் சாய்ந்து ஆச்சி உட்கார்ந்திருப்பாள். பூனைக்கு அவள் மட்டும் இருக்கலாம்.

முதலில் பூனை தன் பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தது. வயிற்றில் ஓர் அலை ஓடிற்று. பின்னங்கால் ஒன்றைக் குலுக்கையில் முட்டுக் கொடுத்தது. கத்தவில்லை, 'குர்ர் குர்ர்' என்று உறுமிக்கொண்டிருந்தது. பூனை சுகத்தில் மட்டும்தான் அப்படி உறுமும் என்று அதுவரை நினைத்திருந்தேன். மெல்லிய பைக்குள் சுருண்டு, நனைந்து, எதுவென்றே அடையாளம் தெரியாத ஒன்று வெளியே வழுக்கி வந்தது. பூனை பல்லால் பையைக் கிழித்தது. கரகரப்பான நாக்கால் மூக்கையும் வாயையும் அது நக்கிய வேகத்தில் குட்டி புரண்டு போயிற்று. 'கீ' என்று ஒரு சத்தம். பிறகுதான் கொடியைக் கடித்தது. அதற்கும் பிறகு, பின்னாலேயே வந்த இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியைத் தின்றது. சித்தி மகள் வாயைப் பொத்திக்கொண்டு புறவாசலுக்கு ஓடிவிட்டாள்.

நான் மறுநாள் ஆச்சியிடம் கேட்டேன், தின்னலாமா என்று.

"தின்னட்டும். அதுக்கு அதுதான் காயம்" என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற மருந்துக்கு எங்கள் பக்கம் காயம் என்று பெயர்.

இதிலே ஆச்சிக்குத் தெளிவான சட்டம் இருந்தது. மாடு இளங்கொடியைத் தின்னக் கூடாது. கன்று போட்ட மாட்டுக்குப் பக்கத்தில் அது விழுகிறவரை யாராவது காவல் இருக்க வேண்டும். விழுந்ததும் எடுத்து வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் கட்டி, ஆற்றுக்குப் போகிற வழியிலிருக்கும் ஆலமரத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட வேண்டும். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்று நம்பிக்கை. தாமிரபரணிக்குக் குளிக்கப் போகும்போது அந்த மரத்தடியை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடப்போம். பத்துப் பதினைந்து மூட்டைகள் எப்போதும் தொங்கும், புதிதும் காய்ந்ததுமாக. ஊரில் எத்தனை மாடு கன்று போட்டது என்று கணக்கெடுக்க வேண்டியவர்கள் அங்கே வந்து எண்ணிக்கொண்டு போயிருக்கலாம்.

மனுஷிக்கு அது மருத்துவச்சி பாடு. என் சித்திக்கு இரண்டாவது பிள்ளை வீட்டில்தான் பிறந்தது. பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் பட்டாசலில் இருந்த ஆண்களெல்லாம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஆச்சி மட்டும் அசையவில்லை. உள்ளே மருத்துவச்சி இளங்கொடிக்காகக் காத்திருந்தாள். அது விழுந்ததும் விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், துண்டு கிண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று. தங்கினால் உதிரப்போக்கு நிற்காது, தாய் போய்விடுவாள். அவள் பார்த்து முடித்துத் தலையை ஆட்டிய பிறகுதான் புறவாசலில் குழி தோண்டச் சொல்லி ஆள் போனது. வெற்றிலையும் ரூபாயும் வைத்த தட்டு வெளியே வந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆக, மாட்டுக்கும் மனுஷிக்கும் பேறு முடிந்ததென்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். பூனையிடம் அந்த வித்தை பலிக்காது. குட்டிக்கு ஒன்றாக இளங்கொடி வரும், வந்ததும் தின்றுவிடும். இரண்டு குட்டிகள் அடுத்தடுத்து வந்து, அவற்றின் கொடிகள் சேர்ந்து பின்னால் வருவதும் உண்டு. எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாலும் கணக்குத் தப்பும். வயிற்றுக்குள் எத்தனை இருந்தன என்பது முதலிலேயே தெரியாது. மூன்று முதல் ஐந்து சாதாரணம். முதல் ஈற்றில் குறையும். ஒற்றைக் குட்டியோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு, எட்டு வரை போவதும் உண்டு.

ஒரு தைப்பொங்கலுக்கு முந்தின ராத்திரி. வீடு முழுக்க வெள்ளையடித்த சுண்ணாம்பு வாடை. அன்றைக்குப் பார்த்துப் பூனைக்கு வலி கண்டது. மூன்று குட்டிகள் அரை மணிக்கு ஒன்றாக வந்தன. அதன்பின் ஒன்றுமில்லை. பூனை பக்கவாட்டில் சரிந்து படுத்து மூன்றுக்கும் பால் கொடுத்தது. ஆச்சி வைத்த சோற்றைக்கூட ரெண்டு வாய் தின்றது. "முடிஞ்சிட்டு" என்றார் தாத்தா. பொங்கலுக்கு நெல் எடுக்க வேண்டும், குலுக்கையை ஒதுக்க வேண்டும், அவர் அவசரம் அவருக்கு.

ஆச்சி மெதுவாகக் கையை நீட்டிப் பூனையின் வயிற்றுக்கடியில் விட்டாள். அந்தக் கையை மட்டும்தான் அது அனுமதிக்கும். என் தாய்மாமா ஒருவர் முயன்று மணிக்கட்டில் மூன்று கோடு வாங்கியவர். பெற்று முடித்த பூனையின் வயிறு, நெல் அளந்து கொட்டிய சாக்காகத் துவண்டு கிடக்க வேண்டும் என்பது ஆச்சி கணக்கு. விரலால் ஒரு பக்கம் தடவினாள், இன்னொரு பக்கம் தடவினாள். ஓரிடத்தில் கை நின்றது.

"இன்னும் பாக்கி இருக்கு" என்றாள்.

தாத்தா குலுக்கையைத் தொடவில்லை. அந்தப் பொங்கலுக்கு நெல் பக்கத்து வளவிலிருந்து கைமாற்றாக வந்தது. விடிந்தது, கோலம் போட்டாயிற்று, பானை பொங்கிற்று, குலவை இட்டாயிற்று. மத்தியானம் எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளேயிருந்து 'கீ' என்று புதிய குரல் கேட்டது. நாலாவது. தாத்தா தலையைத் தூக்காமல் சாம்பார் ஊற்றிக்கொண்டார்.

இப்படிப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்வது பூனைகளுக்கு இயல்புதான் என்று பல வருஷம் கழித்து ஒரு கால்நடை டாக்டர் எனக்குச் சொன்னார். 24 மணி நேரம், சில சமயம் 36 மணி நேரம்கூட இடைவெளி விழுமாம். அந்த இடைவெளியில் பூனை பால் கொடுக்கும், தின்னும், தூங்கும். பார்க்கிறவனுக்கு எல்லாம் முடிந்ததாகவே தோன்றும். ஆட்கள் வந்து வந்து எட்டிப் பார்த்தால் பயத்தில் அதுவே நிறுத்திக்கொள்வதும் உண்டாம். ஆச்சி எங்களை அரங்கு வாசலிலிருந்து விரட்டியதெல்லாம் தீட்டு என்று சொல்லித்தான். காரணம் எதுவானால் என்ன, பூனைக்குத் தேவையான தனிமை கிடைத்தது.

அந்த நாலாவதுக்குப் பிறகு பூனை செய்ததைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பண்டிகை மும்முரத்தில் என்னை விரட்ட யாருமில்லை. குட்டிகளை நக்குவதை விட்டுவிட்டுத் தன்னைக் கவனிக்கத் தொடங்கிற்று. முன்னங்காலை நனைத்து முகத்தைத் துடைத்தது. காதுக்குப் பின்னால், நெஞ்சில், பின்னங்கால் இடுக்கில் என்று ஓரிடம் விடாமல் சுத்தம் செய்தது. மூச்சு சீராயிருந்தது. வயிற்றில் அலை இல்லை. பிறகு எழுந்து, குட்டிகளை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, என் காலைத் தாண்டிப் புறவாசல் மண்ணுக்கு ஓடிற்று. போன வேகத்தைவிட வந்த வேகம் அதிகம். திரும்பி வந்து, குட்டிகளைச் சுற்றி உடம்பை வளைத்துப் படுத்து, ஆச்சியை நிமிர்ந்து பார்த்து ஒரு தடவை கத்திற்று.

"இப்ப முடிஞ்சிட்டு. பசிக்கிங்கா" என்றாள் ஆச்சி.

இந்த இடத்தில் எங்கள் வீட்டின் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சுத்த சைவம். வெங்காயம்கூடச் சில நாட்களில் வீட்டுக்குள் வராது. ஆனால் பெற்றெடுத்த பூனைக்குப் பருப்புச்சோறு போடுவதற்கு ஆச்சிக்கு மனசு வரவில்லை. பின்தெருவில் ஒரு வீட்டுக்காரி, ஆச்சிக்குச் சிநேகிதி. ஆள் போகும். அன்று சாயங்காலம் அவள் வாழையிலையில் சாளைமீன் தலைகளும் முள் நீக்கிய சதையும் மடித்துக்கொண்டு புறவாசல் வழியாக வருவாள். பூனை கிணற்றடிக்குக் கூப்பிடப்படும். அது தின்கிற வரை இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பார்கள். பிறகு அந்த இடம் சாணி தெளித்து மெழுகப்படும். ஆச்சி தலைக்குக் குளிப்பாள். தாத்தா அந்த நேரம் பார்த்துப் பெருமாள் கோயில் பக்கம் காலாற நடக்கப் போய்விடுவார். ஒரு தடவை சீக்கிரம் திரும்பிவிட்டவர், கிணற்றடியைப் பார்த்து, "என்ன இது?" என்றார். "பெத்தவளுக்குப் பத்தியம் பாக்க முடியுமா?" என்றாள் ஆச்சி. அவர் மறுபடியும் கோயிலுக்கே போய்விட்டார். பகலில்தான் பொங்கல், அன்றைக்கும் மீன் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது.

பால் மட்டும் நாங்கள் தாராளமாகக் கொடுத்தோம். இப்போது டாக்டர்கள் மாட்டுப்பால் வேண்டாம், பெரிய பூனைகளுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும் என்கிறார்கள். குட்டிக்குத் தாயின் சீம்பால்தான் முதல் நாளில் முக்கியம் என்பதில் மட்டும் இவர்களும் ஆச்சியும் ஒரே கட்சி.

நாலு குட்டியும் நாலு நிறம். பள்ளிக்கூடத்தில் பாரதியாரின் வெள்ளைப் பூனைப் பாட்டைப் படித்திருந்த நான், எங்கள் வீட்டில் பாட்டே நடந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு மூன்று தகப்பன்கள் இருக்கலாம் என்பது அறிவியல். ஓட்டின்மேல் நடந்த சண்டையை வைத்து ஆச்சிக்கும் அது தெரிந்திருக்கும், எங்களிடம் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொண்டது. அதில் இன்னொன்று வாய் வைத்தால் தள்ளுமுள்ளு. கண் திறக்கப் பத்து நாள் பக்கம் ஆனது.

கண் திறந்த கையோடு இடமாற்றம். அரங்கிலிருந்து மச்சுக்கு, மச்சிலிருந்து மாட்டுத்தொழுவத்துக்கு, அங்கிருந்து அடுத்த வீட்டுத் தமிழ் வாத்தியாரின் புத்தக அலமாரிக்கு. பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். வாத்தியார் நாமம் போட்ட வைஷ்ணவர். பூனை, பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போக, குட்டி கைகாலை மடக்கித் துவண்டு தொங்குவதை எங்களுக்குக் காட்டி, "பாத்தியா, குட்டி ஏதாவது செய்யுதா? எல்லாம் தாய் பாத்துக்கிடுதா. இதுதான் மார்ஜார நியாயம். எங்க தென்கலை சம்பிரதாயம்" என்றார். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்வது வடகலையாருக்கு உவமை. அவருடைய உரைநூல் ஒன்றின் மேல் குட்டி மூத்திரம் பெய்த மறுநாள், பூனை அங்கிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று.

இந்தக் கதைகளையெல்லாம் மேல் தளத்துப் பெண்ணிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. அலமாரிக் கதவைச் சாத்தி விளக்கை அணைக்கச் சொன்னேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தால் எந்தப் பெண் நிம்மதியாகப் பெறுவாள்? அந்தப் பூனை என் கையைக் கிட்டவே விடவில்லை, ஆகையால் வயிற்றைத் தடவிப் பார்க்க வழியில்லை. கடைசி மாதத்தில் எக்ஸ்ரே எடுத்தால் மண்டையோட்டை எண்ணி இத்தனை குட்டி என்று சொல்லிவிடலாம். 55 நாளுக்குப் பிறகு எலும்பு நன்றாகத் தெரியும். தெருவிலிருந்து வந்ததற்கு யார் நாள் எண்ணினார்கள்? தெரிந்த டாக்டருக்குப் போன் போட்டோம். அவர் சொன்னது சுருக்கம்: சும்மா படுத்திருந்தால் விடுங்கள், முக்கிக்கொண்டே இருந்து அரை மணி நேரத்துக்குள் குட்டி வராவிட்டாலோ, பாதியில் சிக்கினாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ, துர்நாற்றம் வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். விடிகிறதற்குள் ஐந்தாவதும் வந்திருந்தது. மூன்று மாதம் கழித்து அவளே தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்வித்துவிட்டாள். குட்டிகளுக்கு இடம் பிடித்ததும் அவள்தான், வாட்ஸ்அப்பில்.

எங்கள் காலத்து மருத்துவச்சிகளும் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. நல்லதுதான். வீட்டில் செத்துப்போன பெண்களின் பெயர்களை ஆச்சியே அடுக்கிக்கொண்டு போவாள், அதில் அவளுடைய சொந்தத் தங்கையும் உண்டு. இளங்கொடி தங்கிப் போனவள்.

எனக்குத் தலைப்பிள்ளை திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில். அப்போது ஆச்சிக்குக் கண் மங்கியிருந்தது. நாள் முழுக்கத் தாழ்வாரத்து பெஞ்சில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாளாம். அடுத்து நடந்தது அம்மை சொல்லித் தெரியும். நர்ஸ் கதவைத் திறந்து, "பொம்பளப் பிள்ளை, பாட்டி" என்று சிரித்திருக்கிறாள். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள்.

ஆச்சி எழவில்லை. "அது சரிம்மா. இளங்கொடி விழுந்துட்டா?"

நர்ஸ் ஒரு நிமிஷம் திகைத்து, "விழுந்துட்டு, ஆச்சி" என்றாள்.

"முழுசாவா? பாத்தாங்களா?"

சின்னப் பெண். பதில் சொல்லாமல் உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்து, "முழுசா வந்துட்டாம், ஆச்சி. பாத்துட்டாங்களாம்" என்றாளாம். அதற்கப்புறம்தான் பிள்ளை யார் ஜாடை என்று ஆச்சி கேட்டாள்.